ஈரக் கையும் ஒரு பதிவேடும்

பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து இன்றோடு ஐந்து நாள். படிக்க மூன்று நாள், பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு வயது எழுபத்து மூன்று. என் பெயருக்கு வந்து, நானே பிரித்து, நானே படித்த முதல் கடிதம் உங்களுடையது. தபால்காரர் "பெரியவரே, படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டார். "போய்யா, உன் வேலையைப் பாரு" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இத்தனை நாள் உயிரோடு இருந்தேன் போலிருக்கிறது.

பதினான்கு மாதமாகத் தொழிற்சங்கக் கட்டடத்தில் நடக்கும் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் அம்மா ஒருவர் நடத்துகிறார். இப்போதெல்லாம் கடைத்தெருவுக்குப் போனால் வீடு திரும்ப ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. ஒவ்வொரு பலகையும் என்னைக் கூப்பிடுகிறது. எங்கள் தெருமுனையில் ஒரு பலகை உண்டு. அது தெருவின் பெயர் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன். போன மாதம் எழுத்துக்கூட்டிப் பார்த்தால், ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்று இருக்கிறது. தினமும் அதன் காலடியில்தான் கொட்டிவந்தேன். மருமகள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "மாமா, முப்பது வருஷமா அந்தப் பலகைக்குச் சாப்பாடு போட்டிருக்கீங்க" என்றாள்.

உங்கள் கடிதத்தின் முதல் நான்கு வரி சர்க்கரையாக இருந்தது. ஐந்தாவது வரியில் ‘நீர்த்தேக்கம்’ என்ற சொல் வந்தது. அங்கே நிறுத்தி மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

ஐம்பத்தொரு வருடத்துக்கு முன், போர்க்காலத்தில், எங்கள் ஊர் நீர்த்தேக்கக் கரையில் சுடப்பட்டு இறந்த படைவீரரைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவர் உங்கள் அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். மனதுக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது அம்மா. அன்று எனக்கு விடுமுறை. நான் ஊரிலேயே இல்லை.

இருந்தாலும் பதில் எழுதுங்கள். வேறு எதைப் பற்றியாவது எழுதுங்கள். அங்கே மழையா என்று கேட்டு எழுதினாலும் போதும், படிப்பேன்.

இப்படிக்கு,
சாவி
(நான் வாசல் காவலனாக இருந்த நீரேற்று நிலையத்தில் எல்லோரும் கூப்பிட்டது இப்படித்தான். தண்ணீர்க் குழாயின் வால்வைத் திருப்ப, ஆள் கை நீளத்துக்கு ஒரு சாவி எப்போதும் என் தோளில் இருக்கும்.)


பிப்ரவரி 15

சாவி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கையெழுத்து தெளிவாக இருக்கிறது. இருபத்தெட்டு வருடமாக மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துக் கெட்டுப்போன கண்கள் என்னுடையவை. அவற்றுக்கு உங்கள் கடிதம் மருந்து போட்டது போல இருந்தது.

இங்கே மழை இல்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா இறந்தபோது நான் பிறந்து மூன்று வாரம். அவர் எதிரியோடு சண்டையிட்டுச் சாகவில்லை. சொந்த ஊரில், நம் படையின் குண்டுக்கே பலியானார். விடுப்பு இல்லாமல் முகாமிலிருந்து ஓடிவந்தவர், இருட்டும் நேரத்தில் கரையில் பதுங்கிப் பதுங்கிப் போனார், காவலுக்கு இருந்தவர்கள் எதிரி என்று நினைத்துச் சுட்டார்கள் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவர் உடம்பிலிருந்து விடுப்புச் சீட்டு எதையும் எடுக்கவில்லையாம். முகாமின் ஆவணங்கள் அதற்கடுத்த மாதமே குண்டு விழுந்து எரிந்துபோயின.

என்னைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்துவிட்ட பிறகும், ‘ஓடிவந்தவன் பெண்டாட்டி’ என்ற பெயரோடுதான் என் அம்மா ஐம்பத்தொரு வருடம் வாழ்ந்திருக்கிறாள். "உங்கப்பா ஓடி வர்ற ஆள் இல்லடி. வந்தா நடந்துதான் வருவாரு" என்று மட்டும் சொல்வாள். இப்போது உங்கள் ஊரில் இறந்த வீரர்களுக்குக் கல் வைக்கப்போகிறார்கள். ஆதாரம் இல்லாத பெயரைப் பொறிக்க முடியாது என்று குழு சொல்லிவிட்டது. மார்ச் முப்பத்தொன்றோடு பட்டியலை மூடுகிறார்கள்.

ஐயா, அந்தக் காலத்துப் பம்ப் ஆபரேட்டரைத் தேடிப் பிடித்தேன். காது மந்தம், ஆனால் நினைவு கூர்மை. "அன்னிக்கு வாசல்ல சாவிதாம்மா நின்னான். வேற யாரு? லீவு போடவே தெரியாத பய" என்றார். "வர்றவங்ககிட்டல்லாம், கை ஈரமா இருக்கு, நீங்களே பதிவேட்டுல எழுதிடுங்கன்னு சொல்லுவான்" என்றும் சொல்லிச் சிரித்தார்.

நீங்கள் ஏன் ஊரில் இல்லை என்று எழுதினீர்கள்? யாருக்குப் பயப்படுகிறீர்கள்?

அவருடைய மகள்


பிப்ரவரி 24

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒரே நாளில் படித்துவிட்டேன். பயம் வந்தால் எழுத்து வேகமாக ஓடும் போலிருக்கிறது. இதை வகுப்பில் சொல்லித்தரவில்லை.

பொய் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று வாசலில் நான்தான் நின்றேன்.

உங்கள் அப்பா சாயங்கால ரயிலில் வந்தார். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் பெரிய சாலையில் போனால் முக்கால் மணி நேரம். எங்கள் வாசல் வழியாகக் கரையில் ஏறினால் கால் மணி. எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள். அவர் தோளில் ஒரு பை, கையில் ஒரு கிலுகிலுப்பை. சிவப்பு நிறம். நடக்கும்போது அது சத்தம் போடுவதைப் பார்த்து அவருக்கே வெட்கம். "பொண்ணு பொறந்திருக்கு. இன்னும் மொகத்தைப் பாக்கல" என்றார். நெஞ்சுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ஊதா நிறத்தில் வட்ட முத்திரை இருந்தது. நான் அதைப் படிப்பது போல மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வழக்கம்போலக் கை ஈரம் என்றேன். அவரே பதிவேட்டில் எழுதினார். எழுதும்போது சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று இன்றுவரை தெரியாது.

பதுங்கவில்லை அம்மா. கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டேதான் கரையில் ஏறினார்.

அந்தப் பதிவேடு என்னிடம் இருக்கிறது. மறுநாள் அதை எடுத்து வந்துவிட்டேன். மழையில் நனைந்து கூழாகிவிட்டது என்று மேலாளரிடம் சொன்னேன். எண்ணெய்த்துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தேன். பெட்டியைத் திறந்து ஐம்பத்தொரு வருடம் ஆகிறது. ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

நீங்கள் நீரேற்று நிலையத்துக்கும் கடிதம் எழுதியிருக்கிறீர்கள் போல. நேற்று அங்கிருந்து ஓர் இளம் பொறியாளர் பழைய பதிவேடுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். ஜீப் சத்தம் கேட்டதுமே காய்ச்சல் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய ஷூ நுனி பெட்டியில் இடித்தது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டதா? மருமகள் "மாமாவுக்கு நிஜமாவே ஒடம்பு கொதிக்குது" என்றாள். அது பொய்யில்லை, கொதித்தது.

அரசாங்கப் பதிவேட்டைத் திருடினால் எத்தனை வருடம் உள்ளே வைப்பார்கள்? இந்த வயதிலுமா?

சாவி


மார்ச் 3

சாவி ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சிவப்புக் கிலுகிலுப்பை ஒன்று வீட்டில் இருக்கிறது. பிடி உடைந்தது. அதை யார் வாங்கித் தந்தார்கள் என்று கேட்டால் அம்மா சொன்னதே இல்லை. அவருடைய பையோடு வந்திருக்க வேண்டும்.

பதிவேட்டை எடுத்ததற்காக உங்களை யாரும் சிறையில் வைக்கமாட்டார்கள். இது என் பொறுப்பு. ஆனால் அதை உடனே அனுப்பாதீர்கள். நான் சொல்வது உங்களுக்கு விநோதமாக இருக்கும்.

எனக்கும் பயமாக இருக்கிறது.

அப்பா கடைசியாக எழுதிய கடிதத்தில் ‘என்னால் இனி முடியாது’ என்று ஒரு வரி உண்டு. பன்னிரண்டு வயதில் அதைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் அந்த வரியை விட்டுவிட்டுப் படித்துக்காட்டியிருக்கிறார். நானும் இன்றுவரை சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே ஓடிவந்திருந்தால்? அந்த முத்திரை வேறு ஏதோ ரயில் சீட்டாக இருந்தால்? பதிவேட்டில் பொய்ப்பெயர் எழுதியிருந்தால்? அதற்குத்தான் சிரித்தாரோ?

ஊரெல்லாம் தேடித் திரிந்துவிட்டு, கிடைத்ததும் பார்க்க முடியாமல் நிற்கிறேன். நீங்களே திறந்து படியுங்கள். படிக்கத் தெரியும் என்று பெருமையாக எழுதினீர்களே. அவர் ஓடிவந்தவர்தான் என்றால் அந்தப் பக்கத்தை எரித்துவிட்டு, கூழாகியிருந்தது என்று எழுதிவிடுங்கள். நான் நம்பிக்கொள்கிறேன்.

இன்னொன்று. அன்று உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. படிக்க முடியாத ஒரு புத்தகத்துக்கு நீங்கள் ஏன் இவ்வளவு பயந்தீர்கள்?

மகள்


மார்ச் 12

மகளே,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தபின் கூடாது என்று சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

இன்று மருமகள் துணி வாங்கப் போனபின் கதவைத் தாழிட்டேன். பெட்டியின் பூட்டு துருப்பிடித்திருந்தது, சுத்தியலால் உடைத்தேன். எண்ணெய்த்துணி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. பக்கங்கள் பழுத்திருந்தன, ஆனால் மை மங்கவில்லை. எத்தனையோ பேருடைய கையெழுத்து. பால்காரர், எலெக்ட்ரீஷியன், யார் யாரோ. ஒருவர், ‘இவனுக்கு எப்போதுமே கை ஈரம்தானா?’ என்று எழுதிவைத்திருக்கிறார். நான் அதைத் தலைமேல் வைத்துக்கொள்ளாத குறையாக வருடக்கணக்கில் காவல் காத்திருக்கிறேன்.

கடைசியாக எழுதியிருந்த பக்கத்தின் கடைசி வரி உங்கள் அப்பாவுடையது. எழுத்து மாறாமல் அப்படியே எடுத்து எழுதுகிறேன். அவர் பெயரும் படை எண்ணும் முதலில் இருக்கின்றன. பெயர் உண்மைப் பெயர்தான். நீங்கள் உறையில் எழுதுகிற உங்கள் அப்பா பெயரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு,

‘மாலை 6.10. நான்கு நாள் விடுப்பில் வீடு செல்கிறேன். விடுப்புச் சீட்டு எண் 212. பெண் குழந்தை பிறந்து இருபது நாள். காவலருக்குக் கை ஈரமாம், தரையெல்லாம் காய்ந்து கிடக்கிறது. ஆகவே நானே எழுதினேன்.’

அதற்குத்தான் சிரித்திருக்கிறார். நான் சொன்னது பொய் என்று கண்டுபிடித்தவர், காட்டிக்கொடுக்காமல் போயிருக்கிறார்.

உங்கள் அப்பா ஓடிவரவில்லை மகளே. இதை மூன்று தடவை படித்தேன். சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். இங்கேயே கடிதத்தை முடித்திருக்கலாம்.

பதிவேட்டுக்குள் இன்னொரு தாள் இருந்தது. நான் வைத்ததுதான். என் பயமெல்லாம் அந்தத் தாள்தான்.

அன்று மதியம் படை அலுவலக எழுத்தர் ஒருவர் சைக்கிளில் வந்தார். இரண்டு தாளை நீட்டி "கையெழுத்துப் போடு" என்றார். "கை ஈரமா இருக்கு சார்" என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. சிரித்துவிட்டு, "அப்ப கட்டை விரலை நீட்டு. அதுக்கு ஈரம் தடையில்ல" என்றார். இரண்டு தாளிலும் உருட்டினார், ஒன்றை என்னிடம் தந்தார், "படிச்சுப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பம்ப் அறை இருபது அடி தூரம். ஆபரேட்டருக்குப் படிக்கத் தெரியும். ஆனால் நான் ஐந்தாவது வரை படித்தவன் என்று சொல்லித்தான் அந்த வேலையில் சேர்ந்தேன். ‘கைநாட்டுக்கெல்லாம் இங்க வேலை கிடையாது’ என்பது மேலாளர் தினமும் சொல்லும் வார்த்தை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஏதோ குழாய் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன்.

உங்கள் அப்பா போனபின் ஊருக்குத் தண்ணீர் திறக்கப் போனேன். அந்த வால்வுக்கு நாற்பது சுற்று. எழுத்து தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியும். முப்பத்தொன்றாவது சுற்றில் சத்தம் கேட்டது. இரண்டு தடவை. அதோடு சாவியை விட்டுவிட்டேன். அன்று ஊருக்குத் தண்ணீர் குறைவாகத்தான் போயிருக்கும்.

அப்போது சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது நினைவுக்கு வந்தது. என்ன எழுதியிருக்கும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்தது சரிதானா என்று யாரிடமும் கேட்கவில்லை. என் மனைவியிடம்கூடக் கேட்கவில்லை. அவளுக்கும் படிக்கத் தெரியாது என்பது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அவளுக்குத் தெரியாமலே போய்ச்சேர்ந்தாள். வகுப்பில் முதல் எழுத்து எழுதிய நாளே எனக்குத் தெரியும், ஒருநாள் இந்தத் தாளில் வந்துதான் முட்டுவேன் என்று. இருந்தாலும் ஆசையை விட முடியவில்லை.

இன்று படித்தேன். ஒவ்வொரு சொல்லாக.

‘நீரேற்று நிலைய வாயில் காவலருக்கு. இன்று மாலை ஆறு மணி முதல் நீர்த்தேக்கக் கரையில் யாரையும் அனுமதிக்கக் கூடாது. அங்கு நடமாடுவோர் எவராயினும் எச்சரிக்கையின்றிச் சுடப்படுவர். இதைப் படித்துப் புரிந்துகொண்டேன்.’

அதற்குக் கீழே என் கட்டை விரல்.

நான்தான் "போங்க, நல்ல வழி, சீக்கிரம் போயிடலாம்" என்றேன். ஆறு பத்துக்கு.

இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். குழுவிடம் கொடுங்கள். இரண்டாவது தாளையும் கொடுப்பீர்கள் என்று தெரியும். கொடுங்கள்.

சாவி


மார்ச் 21

மகளே,

பதில் வரவில்லை. தபால் கிடைத்ததா என்று மட்டும் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி. தபால்காரர் தெருவில் மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளே போய்விடுகிறேன். அவர் போனபின் வாசலில் எட்டிப் பார்க்கிறேன். நேற்று, "ஒண்ணும் இல்ல பெரியவரே, பயப்படாதீங்க" என்றார். நான் பயப்படுவது அவருக்கு எப்படித் தெரிந்தது?

வகுப்புக்குப் போகவில்லை. பலகைகளைப் பார்க்காமல் நடக்கிறேன்.

சாவி


மார்ச் 24

சாவி ஐயாவுக்கு,

தபால் கிடைத்தது. ஒன்பது நாள் பதில் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். அவற்றில் இருந்ததை நீங்கள் படித்திருக்க வேண்டாம்.

பதிவேட்டுப் பக்கத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. விடுப்புச் சீட்டின் எண்ணும் அப்பாவின் கையெழுத்தும் போதும் என்றார்கள். அந்தச் சீட்டு அவர் உடம்பிலிருந்து எங்கே போனது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பெயர் கல்லில் ஏறுகிறது. உங்களுக்குக் கை ஈரமாக இல்லாமல் இருந்திருந்தால் அந்த வரியை நீங்கள் எழுதியிருப்பீர்கள், அவருடைய எழுத்து என்று ஒன்று எங்களுக்கு இருந்திருக்காது. ஆனால் உங்களுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் அவரே இருந்திருப்பார். இந்த இரண்டையும் நான் எந்தத் தராசில் வைப்பது?

இரண்டாவது தாளையும் கொடுத்தேன். குழுவில் ஒரு பழைய படை அதிகாரி இருக்கிறார். அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு, "படித்துப் புரிந்துகொண்டேன்னு எழுதி, அதுக்குக் கீழ கைநாட்டா? வாங்கினவன் யாருய்யா?" என்று கேட்டார். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது. காய்ந்த கையைப் பார்த்துச் சிரித்தவருக்கு, உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது தெரியும். அந்தத் தாளில் இருந்ததை வாயால் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இதை உங்களை விடுவிக்க எழுதவில்லை. பம்ப் அறை இருபது அடி தூரம்தான். அதை நான் மறக்கமாட்டேன். மன்னிப்பதா வேண்டாமா என்பதும் என் கையில் இல்லை. அது அம்மாவின் கையில்.

பதிவேட்டில் இருந்ததை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். கேட்டுவிட்டு, "நீ என் மனசு ஆறணும்னு சொல்ற. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் இப்படித்தான், இருக்கறதை விட்டுட்டு இல்லாததைப் படிப்பாரு" என்றாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அங்க நின்ன ஆளை வரச்சொல்லு. அவன் வாயால படிக்கட்டும்" என்றாள். இன்னொரு தாளைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. குழு நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டது, இரண்டும் என்னிடம் இருக்கின்றன. அதையும் நீங்கள்தான் படிக்க வேண்டும்.

வருவீர்களா?

மகள்


மார்ச் 28

மகளே,

‘வருவீர்களா’ என்ற சொல்லை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கு இல்லை.

மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் சக்கரத்தில் கையை வைத்தபடியே கேட்டாள். கடைசியில், "அப்ப எங்க கல்யாணப் பத்திரிகையைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, அச்சு பிரமாதம்னு சொன்னீங்களே, அதுவும் இதேதானா மாமா?" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைக்க ஆரம்பித்தாள். பை வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

வகுப்பு நடத்தும் அம்மாவிடம் போய், இரண்டு தாளிலும் இருந்ததை என் நோட்டிலிருந்து உரக்கப் படித்துக் காட்டினேன். ‘எச்சரிக்கையின்றி’ என்ற இடத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. எழுத்து தெரியாமல் இல்லை. அவர், "அந்த எடத்துல நின்னா நிக்கட்டும். விட்டுட்டு மட்டும் போயிடாதீங்க" என்றார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலை ரயில். உங்கள் ஊருக்கு மூன்றரை மணிக்கு வருமாம், ஸ்டேஷன் பலகையில் நானே பார்த்துவந்தேன். அழைத்துப்போக யாரும் வரவேண்டாம். தெருப் பெயரையும் கதவு எண்ணையும் படித்துக்கொண்டே வந்துவிடுவேன். உங்கள் அம்மா என்னை உட்காரச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நின்றுகொண்டே படிக்கிறேன். முதலில் உங்கள் அப்பா எழுதியது. அடுத்தது என் விரல் இருக்கிற தாள். படித்து முடித்ததும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் அம்மா சொல்லட்டும்.

இந்தக் கடிதத்தில் அங்கங்கே மை கலைந்திருப்பதற்கு மன்னிக்கவும். மூன்று தடவை பேனாவைக் கீழே வைத்து வேட்டியில் துடைத்துவிட்டேன், நிற்கவில்லை. கை ஈரமாக இருக்கிறது மகளே. இந்தத் தடவை பொய்யில்லை.

சாவி